பெரிய குழாய் ஒலித்தபோது

அந்த மரக் குழாயைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குப் பயம். ஆளைவிட உயரம். மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய பைப் ஆர்கன் என்ற வாத்தியத்தில் அதுதான் பெரியது. சுண்டுவிரல் அளவுக் குழாய்களும் இருந்தன. அவற்றைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

ஜங்லிகாட் பகுதியில் ஒரு பள்ளி மண்டபத்தில் பொதுமக்களுக்கு அறிமுகம். விளக்கிச் சொல்ல, தமிழும் ஹிந்தியும் பேசுகிற இயற்பியல் வாத்தியாரான என்னைப் பிடித்துப் போட்டார்கள். ஆர்கனோடு கூடவே வந்த வாசிப்பவர் எல்லாக் குழாய்களையும் எனக்கு ஒலிக்கவைத்துக் காட்டினார். பெரியது காதில் விழவில்லை, உள்ளங்காலில் ஏறியது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. "இதை மட்டும் முன்னாடியே சொல்லிடாதீங்க சார், ஜனங்க அசந்து போகட்டும்" என்றார். நானும் மண்டையை ஆட்டித் தொலைத்தேன்.

வீட்டில் என் மனைவியை உட்காரவைத்துப் பேசிப் பழகினேன். நாதஸ்வரத்துக்கு ஆள் மூச்சு, இதற்கு மோட்டார் மூச்சு; ஒரு குழாய்க்கு ஒரே சுரம்தான்; குழாய் நீள நீளக் குரல் தடிக்கும். நான்காம் நாள் நான் தடுமாறிய இடத்தில் அவளே எடுத்துக்கொடுத்தாள். பெரிய குழாயைப் பற்றியும் அவளுக்கு மட்டும் சொல்லிவிட்டேன்.

அவள் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில், கேம்பல் பே என்ற ஊரில் பிறந்தவள். சுனாமி அன்று காட்டுமேட்டுக்கு ஓடியபோது பன்னிரண்டு வயது. இன்றும் கூட்டமான மண்டபத்துக்குள் உட்கார மாட்டாள். கல்யாணத்துக்குப் போனால் வாசலோடு திரும்பிவிடுவாள். அப்படிப்பட்டவள், "நீங்க முன்னாடியே நிப்பீங்கல்ல? அப்ப நானும் வரேன்" என்றாள். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். உள்ளே அவள் உடைந்துபோனால் இனி எந்த வாசலையும் தாண்ட மாட்டாள்.

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்துவிட்டது. அவளை முன்வரிசையில், கதவை ஒட்டி உட்காரவைத்தேன். இசைக்கு இடைஞ்சல் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தோம். அந்தப் புத்திசாலித்தனம்தான் எங்களைக் கவிழ்த்தது.

சின்னக் குழாய்களுக்கு ஜனங்கள் சிரித்துக் கைதட்டினார்கள். வாசிப்பவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, பெரிய குழாயின் கட்டையைக் காலால் அழுத்தினார்.

தரை முனகியது. கண்ணாடிகள் கடகடத்தன. மண்டபத்தில் அத்தனை தலைகளும் ஒன்றாக மேலே நிமிர்ந்தன. இந்தத் தீவில் சந்தேகம் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது மின்விசிறியைத்தான். அது ஆடினால் நிலநடுக்கம், ஆடாவிட்டால் லாரி. நின்றுபோயிருந்த விசிறிகள் கடல்காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"பூகம்ப்! பூகம்ப்! பாஹர் நிக்லோ!" வெளியே ஓடச் சொல்லி யாரோ ஹிந்தியில் கத்தினார்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது மேட்டுச் சாலை. மூச்சிரைக்க, ஒரு காலில் செருப்பில்லாமல், கூட்டத்தோடு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். பாதி மேட்டில்தான் அவள் நினைவு வந்தது.

திரும்பி ஓடினேன். மண்டபத்தில் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. வாசிப்பவர் வெளிறிப்போய் ஆர்கனை அணைத்துவிட்டு நின்றார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அவள் அதே இடத்தில், நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"நீ ஓடலையா?"

"காத்துதானே. நீங்கதானே சொன்னீங்க."

நான் கதவைப் பார்த்தேன். மேடையிலிருந்து வெளியே போக ஒரே கதவுதான். அவள் முழங்காலை இடித்துக்கொண்டுதான் நான் போயிருக்க வேண்டும்.

நாலு மணிக்கு இன்னொரு காட்சி இருந்தது. இந்த முறை பெரிய குழாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது என்று நானும் வாசிப்பவரும் முடிவு செய்தோம். அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். கேட்கவில்லை. அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"மறுபடியும் ஓடுறதா இருந்தா, ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடுங்க."