மூன்றாம் அடியில் அலறியவள்

எங்கள் சபையில் பதினோரு வருஷம் ஆர்மோனியம் வாசித்தவன் நான். வாரநாட்களில் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியப் பெட்டிக்கு முன்னால். வல்லத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் என்னைப்போல் வாசிக்க ஆளில்லை என்று சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பேச மாட்டாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். பாத்திர மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது நிற்கும் வரை கூடவே ஆடிக்கொண்டிருப்பாள். இன்று இதற்கு ஆட்டிசம் என்று சொல்கிறார்கள். எழுபதுகளில் எங்கள் ஊரில் இதைப் பேய் என்றார்கள்.

அதற்குக் காரணம் கோயிலில் நடந்ததுதான். ஆராதனையின் முதல் பாட்டில் மூன்றாவது அடி வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அந்த அடியில்தான் இரட்சகரின் நாமம் வருகிறது. நாமத்தைக் கேட்டுப் பேய் துடிக்கிறது என்று சபை மூப்பர் கண்டுபிடித்தார். மற்றப் பாட்டுகளிலும் அலறினாள். எந்தப் பாட்டில்தான் அந்த நாமம் இல்லை? யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாலெழுத்துப் படித்த எனக்கும் வரவில்லை, வெட்கக்கேடு.

மூப்பர் ஒரு ஜெபவீட்டைச் சொன்னார். அங்கே நாற்பது நாள், காலில் சங்கிலி போட்டுத் தூணில் கட்டிவைத்து ஜெபிப்பார்கள்.

"பாசம் பாத்துகினு இருந்தா புள்ள கைய வுட்டுப் பூடும் வாத்தியாரே. திங்கக்கெழம கூட்டிகினு போயிடலாம்."

தலையாட்டிவிட்டேன். என் மனைவி இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் மகளின் துணிகளை மூட்டை கட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில், சபைப் பெட்டியின் துருத்தி கிழிந்து நான் அதை வீட்டுக்கு எடுத்து வந்திருந்ததால், காஞ்சிபுரத்திலிருந்து ஆர்மோனியம் பழுதுபார்க்கும் பாய் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். துருத்தியை ஒட்டி முடித்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மூலையில் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு கட்டையை அழுத்தினார். அலறினாள்.

பாய் கையை எடுத்தார். அடங்கினாள். பக்கத்துக் கட்டையை அழுத்தினார், ஒன்றுமில்லை. மறுபடி அதே கட்டை. மறுபடி அலறல்.

அங்கே பாட்டில்லை, நாமமில்லை. வெறும் ஒரு கட்டை.

"இந்த ரீடு சுருதி எறங்கிக்கினு கீது வாத்தியாரே. களிம்பு ஏறிப்போச்சு, எத்தினி வருசமோ. பாப்பாவுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெர்லயா?"

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக அதே கட்டையைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். முதல் பாட்டில் அது மூன்றாவது அடியில்தான் முதலில் வரும்.

பாய் அந்தக் கட்டைக்கு அடியிலிருந்த ரீடை, சத்தம் எழுப்பும் பித்தளை நாக்கை, கழற்றிச் சுரண்டினார். மாட்டி அழுத்தினார். அலறினாள். இன்னும் கொஞ்சம் சுரண்டினார். இந்த முறை முனகினாள். மூன்றாம் முறை சத்தமே இல்லை. எழுந்து வந்து பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். பாய் மற்றக் கட்டைகளோடு ஒத்துப் பார்த்தார். அச்சாக நின்றது.

"முப்பது வருசமா இதே தொழில்தான். இந்த மாரி காது எனக்கே இல்ல," என்றார். "எங்க, ஒரு பாட்டு வாசிங்க."

பழக்கத்தில் அந்த முதல் பாட்டையே வாசித்தேன். என் மகள் பாடினாள். 'அம்மா' என்றுகூடச் சொல்லாத வாய். ஒரு சொல் பிசகாமல், ஒரு சுரம் விலகாமல் பாடியது. மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாளோ என்ற பயத்தில் வாசித்துக்கொண்டே போனேன்.

மூன்றாவது அடி வந்தது. பாட்டை விட்டாள். நான் கனைப்பதுபோலக் கனைத்தாள். அப்படியே என் குரலில், "சனியனே, வாய மூடு. செத்துத் தொல," என்றாள். பிறகு தாளம் தப்பாமல் அடுத்த அடிக்குப் போனாள். அவள் குரலில் கோபமே இல்லை. பாட்டில் அந்த இடத்தில் வருகிற வார்த்தைகள், அவ்வளவுதான்.

வாராவாரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளிடம், பெட்டியின் மறைவில் குனிந்து, சபைக்குக் கேட்காமல் நான் சொன்னது அது. அவளுக்கும் ஒன்றும் ஏறவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பாய் தலையைக் குனிந்துகொண்டு சாமான்களைப் பொறுக்கினார். மனைவி உள்ளே போய் மூட்டையை அவிழ்த்துத் துணிகளைக் கொடியில் போட்டாள். திங்கட்கிழமை யாரும் எங்கும் போகவில்லை. அதன்பிறகு தண்ணீர், சோறு என்று ஒவ்வொன்றாக மெட்டுப் போட்டுப் பாடிக்காட்டினோம். அவளும் வேண்டியதைப் பாடிக் கேட்கப் பழகினாள். எந்த வைத்தியரும் சொல்லித்தரவில்லை, நாங்களாகச் செய்ததுதான்.

அந்த முதல் பாட்டை மட்டும் மாற்ற முடியவில்லை. எத்தனையோ முறை மூன்றாவது அடியைத் திருத்திப் பாடிக்காட்டிவிட்டேன். பொறுமையாகக் கேட்பாள். பிறகு, நான் தவறாகப் பாடிவிட்டதுபோல, என் குரலில் எனக்கே திருத்திச் சொல்வாள்.