பிழைப்பக்கத்தில் பேர் எதற்கு

நாலுமான்சியின் புருஷன் கென்யாவுக்கு லாரி ஓட்டப் போனவன், போனவன்தான். அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அவன் கட்டிலை விற்று, மேலே கொஞ்சம் போட்டு, ஒரு மடிக்கணினி வாங்கினாள். மசாக்கா நகரில் ஒரு செவிலியர் பள்ளிக்கு விண்ணப்பத் தளத்தை ஜாவா நிரல்மொழியில் ஒற்றை ஆளாக எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலும் உட்கார்ந்தாள். வாய் கொஞ்சம் நீளம். வேலை சுத்தம்.

பள்ளித் தலைவர் கிகுண்டு மரியாதைக்காரர். பேர் சொல்லி நலம் விசாரிக்காமல் யாரிடமும் விஷயத்துக்கு வரமாட்டார். தளத்தின் ஒவ்வொரு பக்கமும் அப்படியே செய்யவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அதன் தலைப்பகுதி தரவுத்தளத்துக்குப் போய், உள்ளே வந்தவரின் பேரை எடுத்துவந்து, நலமா என்று கேட்கும். கோளாறு வந்தால் காட்டும் பிழைப்பக்கமும் கேட்கும்.

திங்கட்கிழமை விண்ணப்பம் திறந்தது. பத்து மணிக்குள் பெண்கள் மொய்த்ததில் தரவுத்தளம் படுத்துவிட்டது. திரையில் வந்ததோ நாற்பது வரிச் சிடுக்கு: ஜாவா கோப்புப் பேர்கள், வரி எண்கள், வெளியே தெரியக்கூடாத அட்டவணைப் பேர்கள். லுக்காயா ஊரிலிருந்து விண்ணப்பித்த பெண் ஒருத்தி, தன் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து, கணினிக் கடையிலேயே அழுதாள். அவள் மாமா அந்தச் சிடுக்கை அச்செடுத்து, வாடகை பைக்கில் வந்து கிகுண்டுவின் மேசையில் வைத்தார்.

கிகுண்டு கூசிப்போனார். கம்பாலா கம்பெனி ஒன்றை வியாழன் மதியம் வரச் சொன்னார். தளத்தை மூடிவைத்துவிட்டு நாலுமான்சியைக் கூப்பிட்டார். அதற்குள் சரிசெய்தால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் கம்பெனிக்கு என்றார்.

அவளுக்குப் பயமில்லை, கோபம்தான். பிழைப்பக்கம் போட்டிருந்தாளே. என்ன பிழை வந்தாலும் இந்த ஒரு பக்கத்தையே காட்டு என்று அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தாளே. சோதித்தும் பார்த்தாள். தப்பு முகவரி அடித்தபோது ‘நாலுமான்சி, நலமா?’ என்று அழகாக வந்தது.

சர்வரின் பதிவுகளைத் திறந்து கீழே போகப் போகத்தான் புரிந்தது. ஒரு பிழைக்கு அடியில் இன்னொரு பிழை. இரண்டாவது அவளுடைய பிழைப்பக்கத்திலேயே. தரவுத்தளம் படுத்துக் கிடக்க, இந்தப் பக்கம் பேர் கேட்டு அதனிடமே போயிருக்கிறது. இதுவும் விழுந்ததும், சர்வர் தன் கையில் இருந்ததை அப்படியே கொட்டிவிட்டது. தரவுத்தளம் உயிரோடு இருக்கும்போது மட்டும் சோதித்த கழுதை யார் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தலைப்பகுதியை வெட்டி எறிந்தாள். பேர் கிடையாது, ஜாவா கிடையாது. நாலு வரி வெறும் எழுத்து. அடுத்த நெரிசலுக்குத் தாங்கும்படி தரவுத்தள இணைப்புகளையும் கூட்டிவைத்தாள்.

வியாழன் காலை கிகுண்டு அதைப் படித்து முகம் சுளித்தார். “பேரைச் சொல்லாம பேசுறது நம்ம வழக்கமா, ஞாபோ?” என்று, ‘அம்மா’ என்கிற அந்த ஞாபோவின் மரியாதை குறையாமல் கேட்டார்.

“வீடு எரியறப்ப பக்கத்து வீட்டுக்காரன் உங்க பேரை விசாரிச்சுக்கிட்டா நிப்பான், ஸெபோ? வெளிய வாங்கன்னு கத்துவான்.” அவளும் ‘ஐயா’ என்கிற ஸெபோவோடுதான் சொன்னாள்.

அவர் விடவில்லை. கம்பெனிக்காரர்கள் பேரோடேயே செய்து தருவதாகச் சொன்னார்களாம். அவள் வாதாடவில்லை. அவர் கண்ணெதிரே தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, மவுஸை அவர் பக்கம் தள்ளினாள்.

“நீங்களே அமுக்குங்க.”

அமுக்கினார். ‘வணக்கம். தப்பு எங்கள் பக்கம். ஏற்கெனவே சேர்ந்த விண்ணப்பங்கள் பத்திரமாக இருக்கின்றன. அரை மணி கழித்து வாருங்கள்.’ வேறு பக்கம் போய் அமுக்கினார். அதே நாலு வரி. மூன்றாவது தடவை வேண்டுமென்றே முகவரியில் ஏதோ கிறுக்கி அமுக்கினார். அதே நாலு வரி.

“இதைப் படிச்சா யாரும் அழ மாட்டாங்க,” என்றார் மெதுவாக. கம்பெனிக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்று சொன்னார்.

நாலுமான்சி தரவுத்தளத்தை எழுப்பி, தளத்தைத் திறந்துவிட்டாள். தரவுத்தளம் எதனால் படுத்தது என்று அடிவரை பார்க்க ஒரு மாதமும் உதவிக்கு ஒரு ஆளும் வேண்டும் என்றாள். ஆளுக்குச் சரி என்றார் கிகுண்டு. ஒரு மாதமெல்லாம் முடியாது, பதினைந்து நாள்தான் என்றார்.