ஆம்பூர் தோல் கிடங்கில் ஒரு நூறு மீட்டர் ஓட்டம்

சென்னையில் தெருவுக்கு ஓர் ஆம்பூர் பிரியாணிக் கடை இருக்கிறது. இருபது வருடமாக அவற்றில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஆம்பூருக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை நான் அங்கே போனதற்குக் காரணமும் பிரியாணி அல்ல, கிறிஸ்டினாவின் தங்கை.

கிறிஸ்டினா என்னோடு ஒரு ஸ்கேன் மையத்தின் பில்லிங் பிரிவில் வேலை செய்கிறவள், சொந்த ஊர் ஆம்பூர். அவள் தங்கை ஜெனிஃபர், வீட்டில் ஜெனி, நூறு மீட்டர் ஓட்டக்காரி. ஆசிய அளவிலான தடகளப் போட்டி ஒன்றுக்கு இந்திய அணியில் தேர்வாகிப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமையன்று, எட்டுப் பேர் ஓடும் இறுதிச் சுற்றுக்கும் வந்துவிட்டாள். அந்தச் செய்தி வந்ததும் கிறிஸ்டினா அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். போகிற அவசரத்தில் என்னையும் கூப்பிட்டாள்.

"நீங்களும் வாங்கக்கா. ஃபைனல் நாளைக்கு நம்ம டைமுக்கு சாயந்திரம் நாலே முக்கால். தெருவே ஒண்ணா உக்காந்து பாக்கப் போவுது. ஏழு மணி ரயிலுக்கு உங்கள ஏத்தி வுட்டுடுறேன்."

ஒரு நாள் பயணமாகப் போகிறவர்களுக்கு வழி இதுதான். சென்ட்ரலிலிருந்து காலை ஏழே முக்கால் வாக்கில் பெங்களூர்ப் பக்கம் போகும் ரயிலில் காட்பாடி வரை போனேன். 129 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், முன்பதிவு இருக்கைக்குத் தொண்ணூறு ரூபாய். அதே ரயிலில் நேராக ஆம்பூருக்கே போகலாம். நான்தான் வேலூர்க் கோட்டையைப் பார்க்கிற ஆசையில் இறங்கினேன். காட்பாடியிலிருந்து வேலூருக்கு நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கோட்டைக்குள் கோயில், தேவாலயம், மசூதி மூன்றும் இருக்கின்றன. நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். நான் ஒரு மணி நேரம்தான் ஒதுக்கினேன். அகழி ஓரமாகவே பாதி நேரம் போய்விட்டது.

வேலூர் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் ஜன்னல் சீட்டு கிடைத்தது. ஊர் நெருங்குவதைப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். பதனிடும் தோலின் வாடை ஈரமாக உள்ளே வந்தது. நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினேன். பக்கத்தில் இருந்த பெண், "இன்னா மேடம், புதுசா? பத்து நிமிசம் இருங்க, அப்புறம் தெரியாது" என்றாள். அவள் சொன்னது சரி. பத்து நிமிடத்தில் பழகிவிட்டது.

கிறிஸ்டினாவின் வீடு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். அம்மா ரோசி, ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். அப்பா இறந்து எட்டு வருடமாகிறது. குடியிருப்பது மாடியில். கீழ்த்தளம் முழுக்க வீட்டு உரிமையாளர் பஷீர் பாயின் கிடங்கு. ஷூவுக்கு உள்ளே ஒட்டும் மெல்லிய தோலை அவர் மொத்தமாக வாங்கி விற்கிறார். உலகத்துக்கே செருப்புத் தைக்கிற இந்த ஊரில் ஆணி வைத்த ஓட்டக் காலணி கிடைக்காமல், ஜெனிக்கு முதல் ஜோடியைப் பெங்களூர் போய் வாங்கி வந்தவர் அவர்தானாம்.

மதியம் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். சீரகச் சம்பா, கத்திரிக்காய்த் தொக்கு, தயிர் வெங்காயம், மட்டன் ஒரு தட்டு 260 ரூபாய். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றுதான் வந்தேன். இப்போது எழுத வரவில்லை, மன்னியுங்கள்.

பகல் வெளிச்சத்தில் திரை தெரியாது என்பதால் கிடங்குக்குள் ஏற்பாடு. தேவாலயத்திலிருந்து புரொஜெக்டர் வந்திருந்தது. ஒரு வெள்ளைப் போர்வையைச் சுவரில் ஆணியடித்துக் கட்டியிருந்தார்கள். எண்பது பேர் இருப்பார்கள். தோல் கட்டுகளின் மேலும் தரையிலும் உட்கார்ந்திருந்தோம். பஷீர் பாய் வாசலில் பத்தாயிரம் வாலா சரவெடி ஒன்றை நீளமாக விரித்து வைத்திருந்தார். இனிப்புக்கு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இரண்டு டப்பா. ஓடும் முன்பே இப்படி ஏற்பாடு செய்தது ரோசியம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"மொதல்ல ஓடட்டும் பாய். எட்டுல எட்டாவது வந்தா இன்னா செய்வீங்க?"

"எட்டாவது வந்தாலும் கொளுத்துவேன்மா. ஆசியாவுல எட்டாவதுன்னா கம்மியா?"

நாலே முக்காலுக்குப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். மூன்றாம் தடத்தில் ஜெனி. இரட்டைப் பின்னல், நீலச் சட்டை. கேமரா அவள் முகத்துக்கு வந்தபோது கையைக்கூட ஆட்டவில்லை. கிடங்கு கத்தியது. எட்டுப் பேரும் குனிந்து கையை ஊன்றினார்கள். இடுப்பு உயர்ந்தது. அந்த இடத்தில் படம் உறைந்துவிட்டது.

இணையம்தான். போர்வையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. யாரோ போனைத் தட்டினார்கள், யாரோ திட்டினார்கள். பிறகு படம் வந்தது.

ஜெனி ஓடிக்கொண்டிருந்தாள். தனியாக. அவளுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் தடம் காலியாக இருந்தது. பாதித் தூரம் தாண்டியிருந்தாள். கை வெட்டுகிறது, முட்டி ஏறுகிறது, பின்னல்கள் முதுகில் அடிக்கின்றன. பக்கத்தில் ஆளே இல்லை. ஆசியாவின் வேகமான எட்டுப் பெண்களில் ஏழு பேரைக் காணவில்லை!

கிடங்கே எழுந்துவிட்டது. யாரோ என்னைக் கட்டிப் பிடித்தார்கள். நானும் கட்டிப் பிடித்தேன். என் வாயில் ஒரு மக்கன் பேடா திணிக்கப்பட்டது. வெளியே சரவெடி தொடங்கியது. காது அடைத்தது. ரோசியம்மா மட்டும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, அசையாமல், போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். ஜெனி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். கோடு இன்னும் வரவில்லையே, ஏன் குறைக்கிறாள்? அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். கேமரா மாறியது. மற்ற ஏழு பேரும் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

வாயில் இனிப்போடு நின்றேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஜெனி அந்தத் தூரத்தைத் திரும்ப நடந்து வந்தாள். ஓர் அதிகாரி அவள் முன்னால் வந்து சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார். துப்பாக்கி வெடித்து விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அசைந்தாலே தப்பு. இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இதெல்லாம் கிறிஸ்டினா அப்புறம் சொல்லித் தெரிந்தது. திரும்பக் கூப்பிடும் வெடிச் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அரங்கத்தின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

"இன்னாடி ஆச்சு?" ரோசியம்மா கேட்டார்.

"அவுட்டும்மா. துப்பாக்கிக்கு முந்தி ஓடிட்டா."

ரோசியம்மா மகளை விழித்துப் பார்த்தார். "முந்தி ஓடத்தானேடி அவ்ளோ தூரம் போனா?"

போர்வையில் ஏழு பேர் மறுபடி குனிந்தார்கள், ஓடினார்கள், யாரோ ஜெயித்தார்கள். மூன்றாம் தடம் காலியாக இருந்தது. வெளியே சரவெடி மட்டும் நிற்காமல் வெடித்துக்கொண்டிருந்தது. பத்தாயிரம் வாலா எவ்வளவு நேரம் வெடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே இருந்து யாரோ ஓடிப் போய் பஷீர் பாயிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நான் வாசலுக்கு வந்தபோது புகைக்கு நடுவில் அந்த மனிதர் சரவெடியின் மேல் ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தார். செருப்புக் காலால், வெடிக்க வெடிக்க, அணைக்கப் பார்க்கிறார். "பாய், வாங்க இப்பால!" என்று நாலைந்து பேர் இழுத்தார்கள். அதற்குள் ரப்பர் செருப்பு உருகி வலது பாதத்தில் ஒட்டிவிட்டது.

நானும் கிறிஸ்டினாவும் ஆட்டோ பிடித்து அவரை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அவர் வலியில் முனகவே இல்லை. "நான் இன்னா காரியம் பண்ணிட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். வழியில் இரண்டு இடத்தில் ஊர்க்காரர்கள் ஆட்டோவை நிறுத்திக் கை கொடுத்தார்கள். வெடிச் சத்தம் ஊருக்கே சேதி சொல்லியிருந்தது. கிளினிக்கில் கட்டுப் போட்ட நர்ஸ்கூட, "நம்ம பொண்ணு ஜெயிச்சிடுச்சாமே!" என்று சிரித்தார். கிறிஸ்டினா ஒவ்வொருவருக்கும், "இல்லக்கா, இல்லண்ணா, அவுட்டாய்ட்டா" என்று சொன்னாள். ஆறேழு முறை சொல்லிய பிறகு அவள் குரல் போய்விட்டது. மீதியை நான் சொன்னேன்.

ஏழு மணி ரயில் போய்விட்டது. ரோசியம்மா, "இருந்துட்டு நாளைக்குப் போம்மா" என்று ஒரு நைட்டியை எடுத்துக் கொடுத்தார்.

எட்டு மணி வாக்கில் ஜெனியின் அழைப்பு வந்தது. அதுவரை போனை எடுக்கவில்லை அவள். பஷீர் பாய் கட்டுக் காலை ஸ்டூலில் வைத்து மாடியில் உட்கார்ந்திருந்தார். "வெடி வெச்சத மட்டும் பாப்பா கிட்ட சொல்லாதீங்க" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருந்தார். ரோசியம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"யாராச்சும் பாத்தாங்களாம்மா?" அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

ரோசியம்மா பாயைப் பார்த்தார். பிறகு, "தெருவே பாத்துச்சுடி. நீ ஜெயிச்சிட்டன்னு வெடி வெச்சுட்டாங்க" என்றார்.

பாய் கண்ணை மூடிக்கொண்டார். போனில் ஒரு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தாள், எந்த இடத்தில் அது அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"நானும் அப்டித்தாம்மா நெனச்சேன். பக்கத்துல யாரோட காலு சத்தமும் கேக்கல. ஜெயிச்சிட்டேன்னே நெனச்சேன். நான் நெனச்சப்பவே அங்க வெடிச்சீங்களா?"

"ஆமாண்டி."

"பாய் வெச்சாரா?"

"நான்தாம்மா" என்றார் பஷீர் பாய்.

அப்புறம்தான் அவள் விஷயத்துக்கு வந்தாள். மறுநாள் நாலு பேர் ஓடும் தொடர் ஓட்டம். ஜெனிதான் முதல் ஆள், துப்பாக்கிக்குக் கிளம்ப வேண்டியவள். வேண்டுமானால் இடம் மாற்றித் தருகிறேன் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.

"மாத்திக்கோடி," என்றார் ரோசியம்மா. "நாளைக்கும் முந்திட்டா நாலு பேரும்ல வெளிய போவணும்? வேற யாராச்சும் மொதல்ல ஓடட்டும்."

"மாட்டேன்னு சொல்லிட்டேம்மா. நாளைக்கு வுட்டேன்னா இனிமே எப்பவும் ஓட மாட்டேன்."

அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கிளம்பினேன். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆம்பூரில் ஷூ வாங்குவதென்றால் கம்பெனி ஓரக் கடைகளில் ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கியது கிடைக்கும். எண்ணூறிலிருந்து பேரம் பேசலாம், இரண்டு காலும் ஒரே அளவா என்று போட்டு நடந்து பாருங்கள். பிரியாணிக்குப் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், ஞாயிறு என்றால் இன்னும் முன்னதாக. தங்குவதற்கு ரயில் நிலையம் பக்கத்தில் ஆயிரம் ரூபாய்க்குச் சுமாரான அறைகள் உண்டு. திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். நான் பொதுப் பெட்டியில் ஏறி வாணியம்பாடிக் கூட்டத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு வந்தேன்.

வாலாஜா தாண்டும்போது தொடர் ஓட்டம் தொடங்கியது. போனில் சிக்னல் ஒரு கோடுதான். ஜெனி வளைவில் குனிந்திருந்தாள். இடுப்பு உயர்ந்தது. உறைந்துவிடாதே, உறைந்துவிடாதே என்று போனைக் கெஞ்சினேன்.

வெடித்தது. எல்லாரும் கிளம்பினார்கள். ஜெனி அங்கேயே இருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், கல்லாகிவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகுதான் எழுந்தாள், எட்டுப் பேரிலும் கடைசியாக. வளைவு முழுக்க விரட்டினாள், இரண்டு பேரைத் தாண்டினாள், தடியை நீட்டினாள், அடுத்தவள் வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன். அதற்குப் பிறகு ஓடியதைச் சரியாகக் கவனிக்கவில்லை. இந்திய அணி நான்காவதாக வந்தது. பதக்கம் இல்லை. அவள் அந்தத் தொடக்கத்தில் விட்ட நேரம் இருந்திருந்தால் மூன்றாவது வந்திருக்கலாம் என்று பிறகு சிலர் எழுதினார்கள். இருக்கலாம்.

நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து எதிர் சீட்டில் இருந்த அம்மா குனிந்து கேட்டார். "இன்னாமா, நம்ம பசங்களா? ஜெயிச்சிட்டாங்களா?"

"கிளம்பிட்டாம்மா" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தலையாட்டினார்.