பாலர் படைக்கு எலும்பு மாலை

நாகலக்ஷ்மி பிறந்து வளர்ந்ததெல்லாம் கொல்கத்தாவின் காளிகாட்டில். பவானிபூர் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தினாள். 2006-ல் நியூ டவுனில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கேம் கம்பெனி அவளை ஆலோசகராகக் கூப்பிட்டது. சோழர் படை கங்கைவரை வந்து வங்காளத்தை ஆண்ட பால வம்சத்தாரோடு மோதியதைப் போர் விளையாட்டாகச் செய்கிறார்கள் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மாதக்கணக்கில் சிற்பங்களின் படங்களைத் தேடித் தேடிக் கொடுத்தாள்.

முடிந்த விளையாட்டைத் திரையில் பார்த்தபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சோழ வீரர்கள் தங்கக் கவசத்தில் ஜொலித்தார்கள். பாலர் படைக்கோ இடுப்பில் இலை, கழுத்தில் எலும்பு மாலை, கையில் தடி. பௌத்த விகாரைகள் கட்டிய அரசின் படை அது.

“இது என்ன சார்?”

கம்பெனியை நடத்திய குருபிரசாத் சிரித்தார். “ஸ்டைலுக்காகம்மா. மேலேர்ந்து பார்க்கறச்சே ஆள் கட்டைவிரல் அளவுதான் தெரிவான். எதிரி யாருன்னு பார்த்தவுடனே புரியணும். நாம மியூசியமா வெக்கறோம்?”

“யானைத் தலையைப் பெரிசாப் போட்டேள், ஒண்ணும் சொல்லலை. கோட்டையைப் பொம்மை மாதிரிப் பண்ணினேள், அதுவும் சரி. எதிரின்னு தெரியறதுக்கு வேற கலர் போறுமே. எலும்பு எதுக்கு?”

“ஜெயிக்கறச்சே ஒரு குஷி வேணுமோல்லியோ?”

“இந்த ஊர்ச் சாதத்தைத் தின்னுண்டு, இவா முன்னோரைக் காட்டுமிராண்டியாக்கினாத்தான் குஷியா? என் பேரை எடுத்துடுங்கோ.”

சரி என்றார். எடுக்கவில்லை. துர்கா பூஜைக்கு முன் கடைக்கு வந்த பெட்டியின் பின்பக்கம், ‘வரலாற்றுப்படி சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே அவள் பெயர் இருந்தது. கல்லூரியில் கூட வேலை பார்த்த வங்காளிப் பெண் ஷர்மிஷ்டா அந்தப் பெட்டியை அவள் மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வகுப்புக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட நாகலக்ஷ்மி தாங்கியிருப்பாள்.

வக்கீல் நோட்டீஸ் விட்டாள். அடுத்து வந்த பெட்டிகளில் அவள் பெயரை எடுத்தார்கள். எலும்பு மாலை அப்படியே இருந்தது.

அந்த விளையாட்டில் ஆடுபவர்களே படங்களை மாற்றிக்கொள்ள வழி இருந்தது. நாகலக்ஷ்மி ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்து, குருபிரசாத்தை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே வரையக் கற்றாள். பால வீரன் ஒவ்வொருவனுக்கும் வேட்டி கட்டி, கேடயம் கொடுத்து, கொண்டை முடிந்தாள். பெருந்தலை யானைகளைத் தொடவில்லை. எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டாள்.

அதிகம் பேர் அதை இறக்கிக்கொள்ளவில்லை. இறக்கிக்கொண்ட ஒருவன் வங்க மொழியில் எழுதியிருந்தான்: “இப்போது இவர்களை அடிக்கவே மனசு வரவில்லை. ஆட்டத்தைக் கெடுத்துவிட்டீர்கள்.”

 அவள், சோழ தளபதி தலையில் கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டிருந்த முகலாயர் காலத்துத் தலைப்பாகையை அழிக்க உட்கார்ந்தாள்.