முப்பத்தெட்டுப் பேரும் பத்திரம்

கதை கட்டத் தெரியாதவன் நான். நாலாம் வகுப்போடு நின்றவன். 2003 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. நடந்ததைச் சொல்கிறேன். நம்பாதவன் நம்பாமலே போகட்டும்.

இருபது நாட்டில் கிளை உள்ள கம்பெனி அது. திருவனந்தபுரத்தில் பெரிய ஆபீஸ் கழக்கூட்டத்தில். அது எரிந்தாலும் இடிந்தாலும் வேலை ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாதாம். அதற்காகக் கிழக்கேகோட்டையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, முப்பத்தெட்டு நாற்காலி, முப்பத்தெட்டு கம்ப்யூட்டர் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். வெறும் நாற்காலிகளுக்கு நான் காவல். எது நடந்தாலும் நேரம் போட்டு நோட்டில் எழுத வேண்டும். சாவி என்னிடம் மட்டும்தான்.

இரண்டு ஆபீஸையும் துடைப்பவள் தங்கபாய். என்னைப் போலக் காண்ட்ராக்ட். வலது காலில் சுண்டுவிரல் கிடையாது. சனிக்கிழமை கேட்டாள்:

“அண்ணே, நாளைக்கு ட்ரில்லாம். தீப்பிடிச்ச மாதிரி எல்லாரையும் எறக்கி, பஸ்ல இங்க கொண்டு வருவினுமாம். கேக்கும் உண்டாம். எனக்கும் சீட்டு இருக்குமா?”

“உனக்கு பஸ்ஸா? நடந்து வா.”

சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை எட்டிலிருந்து வாசலிலேயே இருந்தேன். ஒரு ஈ நுழையவில்லை. 2.20க்குக் கதவைத் திறந்தேன்.

பினாயில் வாடை. தரை முழுக்க ஈரம். இப்போதுதான் துடைத்த ஈரம்.

சரக்... சரக்... கடைசி வரிசையில் துணி இழுபடும் சத்தம்.

“யாரு?”

சத்தம் நின்றது. ஆள் இல்லை. கதவிலிருந்து கடைசி நாற்காலி வரை கால்தடம். திரும்பிய தடம் இல்லை.

வலது காலில்... நாலு விரல்.

2.40. பஸ் வந்தது. ஆபீசர் ஜெயன் லிஸ்ட்டோடு தலை எண்ணினார்.

“தங்கபாய் எங்க சார்?”

“ஆரு?”

“தூத்துத் தொடைக்கியவ. அங்க ஆளு விட்டு ஒருக்கா பாக்கச் சொல்லுங்க சார்.”

“அவிட எல்லாம் பூட்டியாச்சு. லிஸ்ட்ல முப்பத்தெட்டு, முப்பத்தெட்டும் வந்தாச்சு. பெரியவரே, நாளைக்கும் வேலை வேணுமில்லே?”

முப்பத்தெட்டு என்று நோட்டில் எழுதினேன்.

கடைசி நாற்காலியில் உட்கார்ந்த ஷெமி என்ற பெண் துள்ளி எழுந்தாள். “அய்யே, சீட்டெல்லாம் ஈரம்!” எல்லாரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். கேக் வெட்டினார்கள். 4.30க்குப் போய்விட்டார்கள்.

நான் தனியாக.

தடம் மட்டும் காயவில்லை.

5.10.

சரக்...

ஒரே தடவை.

குனிந்து பார்த்தேன். தரை உலர்ந்து கிடந்தது. ஒரு தடம்கூட இல்லை. நேரத்தை எழுதிவிட்டுப் பூட்டினேன். 

திங்கட்கிழமை, கழக்கூட்டத்தில் அடித்தளச் சாமான் அறையைத் திறந்தார்கள். உள்ளே தங்கபாய். பக்கத்தில் பாதி தின்ற சோறு. ட்ரில் என்று உள்ளே பார்க்காமல் கதவை வெளியிலிருந்து பூட்டியிருக்கிறார்கள். கரண்டை அணைத்து ஓடவிட்ட ஜெனரேட்டரின் புகை உள்ளே போயிருக்கிறது. கதவில் அவள் தட்டித் தட்டிக் கை கிழிந்த ரத்தம்.

அதற்குள் இருபது நாட்டுக்கும் ரிப்போர்ட் போய்விட்டது. முப்பத்தெட்டுப் பேரும் பத்திரம் என்று.

உயிர் போனது சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு என்றார் டாக்டர்.

2.20க்கு அவள் உயிரோடு இருந்திருக்கிறாள்.

நடந்து வா என்றது நான்தான்.