எனக் கொள்க

என் அக்காவுக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் ‘எனக்கொள்க’. மருந்தேற்றும் இயந்திரங்களுக்குள் ஓடும் மென்பொருளில் பிழை இல்லை என்று கணக்குப் போட்டு நிரூபிப்பது அவள் வேலை. ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஆயிரத்தோராவது தடவைக்கு யார் பொறுப்பு என்பாள். அவள் எழுதும் நிரூபணங்கள் பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி ‘எனக் கொள்க’ என்றுதான் தொடங்கும். வீட்டிலும் அதே கதைதான். பஸ்ஸுக்குக் கிளம்பினால், “பஸ் நேரத்துக்கு வரும்னு வச்சுக்கிட்டுதானே கிளம்பற?” என்று உயிரை வாங்குவாள். அவளைக் கட்டிக்கொண்ட மாமாவின் பொறுமைக்கு விருதே கொடுக்கலாம்.

அப்பாவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலருகே இருந்த இயந்திரத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. அக்கா மூன்று வருடம் உட்கார்ந்து நிரூபித்த அதே மாடல். வலி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும்.

“நம்ம அக்கா மெஷின்பா,” என்றேன். அப்பா அரைத் தூக்கத்தில் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நர்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளவை மாற்றுவதற்கு முன் மருந்தை நிறுத்த, நர்ஸ் ‘நிறுத்து’, ‘சரி’ என்ற இரண்டு பொத்தான்களையும் இரண்டு விரலால் ஒரே தட்டாகத் தட்டினார்.

“சிஸ்டர், ஒவ்வொண்ணா அழுத்தணுமே?”

“எனக்கு இருபது பெட்டும்மா. இந்த மெஷின் வந்த நாள்லேருந்து இப்படித்தான். ஒண்ணும் ஆனதில்ல.”

அக்காவின் முகம் வெளுத்தது. என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“முப்பத்தொன்பதாம் பக்கம்டா. ‘ஒரு நேரத்தில் ஒரு பொத்தானே அழுத்தப்படும் எனக் கொள்க.’ நான்தான் எழுதினேன். ரெண்டையும் சேர்த்து அழுத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

இந்த மாடலுக்கு நிரூபணம் எழுதியது தான்தான் என்று சொல்லி, இயந்திரத்தை மாற்றும்படி டாக்டரிடம் கேட்டாள். “சான்றிதழ்ல உங்க கையெழுத்துதானேம்மா இருக்கு?” என்றார் அவர். அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த அவள் ஆய்வகத்தில் அதே மாடல் ஒன்று இருந்தது. “யாரையும் ரெண்டு விரலால தொட விடாதே,” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மதியம் கூப்பிட்டால் முனகக்கூடச் செய்யாமல் கிடந்தார் அப்பா. மருந்து போதும் என்று டாக்டர் சொல்ல, நர்ஸ் வந்து ஒரே தட்டாகத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தடுக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. திரையில் ‘நின்றது’ என்று எழுத்து வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

போன் அடித்தது.

“சேர்த்து அழுத்தினதுல நூத்திப் பன்னெண்டாவது தடவைடா,” என்றாள் அக்கா. “திரையில நின்னுடுச்சுன்னு காட்டுது. மோட்டார் ஓடிட்டே இருக்கு. அங்க மெஷின்ல காதை வச்சுப் பாரு.”

வைத்தேன். மெல்லிசாக ரீங்காரம் கேட்டது.

அப்பாவின் மார்பைப் பார்த்தேன். ஏறியது. அடுத்து எப்போது ஏறும் என்று காத்திருந்தேன். ஏறவில்லை. குழாயை இரு கையாலும் மடக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். டாக்டர் ஓடி வந்து ஊசியைப் பிடுங்கினார். ஏறிய மருந்தை முறிக்கும் மருந்தைப் போட்டார்கள். அப்பா இருமிய பிறகுதான் எனக்கு உயிர் திரும்பியது.

அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நிரூபணத்துல ஒரு தப்பும் இல்லடா. திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். அதான் பயமா இருக்கு.”

அடுத்த கட்டிலில் ஒரு பெரியவர் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைமாட்டுத் திரையிலும் ‘நின்றது’ என்றுதான் இருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கே போய், குனிந்து, இயந்திரத்தில் காதை வைத்தாள்.