கமிட்டிக்காரர்களிடம் கை நீட்டிய கதை

ஊராரிடம் நன்கொடை கேட்டு வாங்கிவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிற கமிட்டிக்காரர்களிடம் கேட்கத்தான் தனித் தெம்பு வேண்டும். ஏதாவது ஓர் அறக்கட்டளையில் செயலாளராக மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். இன்னும் மாட்டாதவர்கள், கூப்பிட்டால் போய்விடாதீர்கள்.

எங்களுடையது சிவகாசியில் ஒரு சின்ன அறக்கட்டளை. பட்டாசு வேலையில் தீக்காயம் பட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினவர்களுக்குக் காசு வாங்காமல் கட்டு மாற்றிவிடுகிறோம். அதற்கு இருப்பது ஒரே நர்ஸ், செல்வி. வெளி நன்கொடை நின்றுபோனதில் அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் இழுபறி. மதுரையிலிருந்து ஓர் ஆஸ்பத்திரி வேறு கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. செல்வி போனால் கட்டு மாற்றுகிற அறைக்குப் பூட்டுத்தான். சரி, கமிட்டிக்காரர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று தரட்டும் என்று கிளம்பினேன்.

முடிஞ்சதைக் குடுங்க

முதலில் இப்படித்தான் கேட்டேன். தப்பு. பட்டாசு முதலாளி தனராஜிடம் போனால், "மத்தவுக எம்புட்டு?" என்றார். அச்சாபீஸ் காசிராஜனிடம் போனால், "தனராஜ் எம்புட்டு?" என்றார். சீசன் முடியட்டும் என்றார்கள், முடிந்தது. ஆர்டர் பணம் வரட்டும் என்றார்கள். அது வந்துவிட்டது என்று எங்கள் ஊரில் யார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்?

கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேருக்கும் கடைசி இடம்தான் வேண்டியிருந்தது. தனராஜ் மட்டும் காரணத்தையும் சொன்னார்: "மொத ஆளாப் போட்டா பெருமைக்குப் போடுதான்னு பேசுவாக பாய். எல்லாரும் போட்டு முடிங்க, நான் பின்னால வாரேன்."

பொருளாக் குடுத்தா ஆகாதா?

அடுத்து, பணத்துக்குப் பதில் சாமான் வந்தது. காசிராஜன் கட்டுக் கட்டாகக் காலண்டர் அனுப்பினார். கமிட்டிக்காரர்கள் படம் போக மிச்ச இடத்தில் தேதி இருந்தது. தனராஜ் ஒரு லோடு ஆட்டோ நிறைய கிஃப்ட் பாக்ஸ் அனுப்பி, "கட்டுப் போட வாரவுகளுக்குக் குடுங்க" என்றார். கல்யாணமோ காதுகுத்தோ, பட்டாசுப் பெட்டி கொடுத்தே பழகின ஊர். நானும் யோசிக்காமல் இறக்கி, பெஞ்சு ஓரமாக அடுக்கிவைத்தேன்.

கட்டு மாற்ற வந்த அய்யனார் பெட்டியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "இதைச் செய்யப் போயித்தான் பாய் இங்கன வந்திருக்கேன். திரும்ப எங்கிட்டயே குடுக்கீகளே!"

ஒரு நாள் சம்பாத்தியம்

கமிட்டியில் தொழிலாளர் சார்பாக இருப்பவர் பாண்டியம்மா. ஒரு கூட்டத்தில் எழுந்து, "ஆளுக்கு ஆள், மாசம் ஒரு நாள் சம்பாத்தியம். எனக்கு ஒரு நாள் கூலி, மொதலாளிக்கு ஒரு நாள் லாபம். சரிதானே?" என்றார். எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். அதன்பிறகுதான், தொகையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு உறைத்தது.

தனராஜ் தொண்டையைச் செருமினார். "சரவெடிக்குத் தடை, விடாத மழை. ஒரு நாளைக்கு லாபம்னு என்னத்த நிக்குது, ஒரு ஐநூறு..."

அவருக்கு நேர் எதிரே நான் காசிராஜனை உட்காரவைத்திருந்தேன். தனராஜ் மகளைக் காசிராஜன் மகனுக்குக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது ஊருக்கே தெரியும். காசிராஜன் கண்ணாடியைக் கழற்றி, "ஐநூறா?" என்றார். அவ்வளவுதான்.

"டீச்செலவைச் சொன்னேன்!" என்று பதறிய தனராஜ், அடுத்துச் சொன்ன தொகையில் எனக்கே மூச்சு நின்றது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் குறையலாமா? காசிராஜன் அதற்கு மேலே ஏறினார். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் கௌரவமாகவே சொன்னார்கள். செல்வி சம்பளம் அங்கேயே தேறிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் தனராஜ் என்னைக் கார் பக்கம் ஒதுக்கிக் காதில் கேட்டார்: "கல்யாணம் முடிஞ்ச பெறகு கொஞ்சம் கொறச்சுக்கிடலாமா பாய்?"

தருமம் செய்ய மனசு வேண்டும் என்பார்கள். என் அனுபவத்தில், சம்பந்தி ஆகப்போகிறவர் எதிர் நாற்காலியில் இருந்தாலே போதும்.